உபகாரச் சம்பளமும் சிறைச் சான்றும்

நம் பாட்டனார் காலத்துச் சர்க்கார் காகிதங்களையும் பழைய பத்திரிகைகளையும் புரட்டுகிறவர்கள் கண்ணில் ‘உபகாரச் சம்பளம்’ என்ற சொற்றொடர் அடிக்கடி தென்படும். உத்தியோகத்தினின்று விலகிய முதியவர் மாதந்தோறும் கஜானாவின் திண்ணையில் காத்திருந்து வாங்கி வந்த பணத்துக்கும் அதுதான் பெயர்; வறிய வீட்டுப் பிள்ளையொருவன் படிப்பிலே கெட்டிக்காரன் என்று கண்டு தர்மவான்களோ சர்க்காரோ அளித்த பணத்துக்கும் அதுதான் பெயர். போதாக்குறைக்கு, பிள்ளை பள்ளிக்கூடத்துக்குக் கட்டவேண்டிய கட்டணத்தையும் அக்காலத்தார் ‘சம்பளம்’ என்றே வழங்கினார்கள். பாதி கட்டினால் போதுமென்ற சலுகை ‘அரைச் சம்பளம்’ எனப்பட்டது. இன்று முதலாவது பென்ஷன் ஆகவும், இரண்டாவது கல்வி உதவித்தொகையாகவும், மூன்றாவது ஃபீஸ் ஆகவும் பிரிந்து போய்விட்டபடியால், ஒரு காலத்தில் இவை மூன்றும் ஒரே சொல்லின் நிழலில் ஒதுங்கியிருந்தன என்பதே பலருக்கு மறந்துவிட்டது. அந்தப் பழஞ்சொல்லை நான் மறுபடியும் நினைக்கும்படி நேர்ந்தது, வாலாஜாபாத் பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள ஒரு ஜெராக்ஸ் கடையில்.

பள்ளிக்கூடங்கள் திறந்த சமயம். ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வண்டலூர்ச் சாலையில் திரும்பிக்கொண்டிருந்தன. கடை வாசலில் நின்ற ஒரு பெண்மணி, கண்ணாடி போட்டவன் எழுதத் தெரிந்தவனாகத்தான் இருப்பான் என்ற நம்பிக்கையில், தம் மகளுக்கான உதவித்தொகை விண்ணப்பத்தை என்னிடம் நீட்டி, “சார், இந்த எடத்துல என்ன எழுதறது?” என்று கேட்டார். அவர் விரல் நின்ற இடம் ‘தந்தையின் தொழில்’ என்ற கட்டம். “அப்பா என்ன வேலைம்மா பண்றாரு?” என்றேன். அவர் கடைப் பையனை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, “உள்ள இருக்காரு சார்” என்றார். ‘உள்ளே’ என்றால் எங்கே என்று நம் நாட்டில் யாரும் யாரையும் மறுபடி கேட்பதில்லை.

சிறைப்பட்டவன் வீட்டுப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி இந்தப் பாலாற்றங்கரைக்குப் புதிதன்று. ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய இவ்வூர், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கும்பெனிப் படைகள் தங்கிய பெரிய தண்டாக விளங்கியது. இதே பாலாற்றின் கரையில், மேற்கே வேலூர்க் கோட்டைக்குள், 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு திப்பு சுல்தானின் மக்களும் மனைவியரும் பரிவாரங்களும் காவலில் வைக்கப்பட்டார்கள். அவர்களுடைய ஜீவனத்துக்கென்று ஆண்டுக்கு இரண்டு லட்சம் நட்சத்திர வராகனுக்குக் குறையாத தொகை ஒதுக்கவேண்டுமென்று, மைசூர் ராஜ்யத்தைப் பங்கிட்டுக்கொண்ட உடன்படிக்கையிலேயே எழுதி வைத்தார்கள். காவலில் இருக்கும் குடும்பத்துக்கு உபகாரச் சம்பளம் கொடுத்த ஏற்பாடுகளில் நம் பக்கத்தில் இதைவிடப் பெரியதொன்றை நான் அறியேன். 1806 ஜூலை 10-ஆம் நாள் வேலூரில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோதும், அதே வருஷத்தில் புதுத் தலைப்பாகையின் பொருட்டு வாலாஜாபாத்துத் தண்டிலும் குமுறல் கண்டபோதும், கும்பெனியார் அக்குடும்பத்தைக் கல்கத்தாவுக்குப் பெயர்த்தார்களே தவிர உபகாரச் சம்பளத்தை நிறுத்தவில்லை. கிளர்ச்சியில் ஈடுபட்ட சிப்பாய்களில் ஆறு பேரைப் பீரங்கி வாயில் வைத்துச் சிதறடித்தார்கள், ஐவரைச் சுட்டார்கள், எண்மரைத் தூக்கிலிட்டார்கள், ஐவரை நாடு கடத்தினார்கள். ராஜகுமாரர்களுக்குப் பொருந்திய உடன்படிக்கை சிப்பாய் வீட்டுக் குழந்தைகளுக்குப் பொருந்துவதாயில்லை.

சாமானியக் கைதியின் பிள்ளையைச் சர்க்கார் கண்ணெடுத்துப் பார்த்தது பின்னும் எண்பது வருஷம் கழித்துத்தான். அப்பொழுதும் அப்பிள்ளை தானே ஏதேனும் குற்றம் செய்து அகப்பட்டால்தான் பார்த்தது. 1876-ஆம் வருஷத்துச் சீர்திருத்தப் பள்ளிச் சட்டத்தை ஒட்டி 1887-இல் செங்கற்பட்டில் சீர்திருத்தப் பள்ளி ஏற்பட்டது. வாலாஜாபாத்திலிருந்து ரயிலேறினால் சிறிது நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஊர். சிறைக்கு அனுப்பவேண்டிய சிறுவர்களை அங்கே பதினெட்டு வயது வரைக்கும் வைத்து எழுத்து, கணக்கு, தச்சு, நெசவு முதலியவற்றைக் கற்பிக்கலாம் என்பது ஏற்பாடு. இது நல்ல ஏற்பாடுதான்; பெரியவர்களோடு ஒரே கொட்டடியில் பையன்களை அடைத்து வைத்த பழைய வழக்கத்தைக் காட்டிலும் எவ்வளவோ மேலானது. ஆயினும், ஜில்லாவில் ஏழைப் பையனொருவனுக்குச் சம்பளமில்லாமல், சோறும் துணியும் தந்து, தொழிலும் கற்பிக்கும் பள்ளிக்கூடம் வேண்டுமானால் அவன் முதலில் எதையாவது திருடவேண்டியிருந்தது என்ற விசித்திரத்தையும் சொல்லாமல் விடுவதற்கில்லை.

அதற்குப் பிறகு வந்த சட்டம் இன்னும் ஒரு படி போயிற்று. 1908-இல் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட குழந்தைகள் சட்டம், தாய் தந்தையர் சிறையிலிருக்கத் தாம் ஆதரவின்றி நிற்கும் குழந்தைகளையும் நீதிபதியின் முன் நிறுத்தித் தொழிற்பள்ளிக்கு அனுப்பலாம் என்றது. அதன் வழியில் அமைந்ததே 1920-ஆம் வருஷத்துச் சென்னைக் குழந்தைகள் சட்டம். குற்றம் ஒன்றும் செய்யாத பிள்ளை, தகப்பன் கைதி என்ற காரணத்தால் கல்விக்குப் பாத்தியப்பட்டது இங்கேதான். ஆனால் அந்தக் கல்வியைப் பெற அது போலீஸ்காரரோடு கோர்ட்டுப் படியேறவேண்டும். பெற்றபின் அது வசிக்கும் இடத்துக்கு வெளியே காவலும் இருக்கும். கருணையும் சந்தேகமும் ஒரே உத்தரவில் கையொப்பமாயின. இதே காலத்தில், சென்னை ராஜதானியில் உத்தியோகம் பார்த்த ஸர் அலெக்ஸாந்தர் கார்டியூ என்பவரின் தலைமையில் 1919–20-இல் அமைந்த இந்திய ஜெயில் கமிட்டி, கைதியைத் தண்டிப்பதோடு நில்லாமல் அவனைத் திருத்துவதும் விடுதலையானபின் அவனுக்கு உதவுவதும் சிறையின் காரியமென்று எழுதிற்று.

சந்தேகம் கருணையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்த வேறொரு கதையும் உண்டு. 1911-ஆம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் ஜாதி முழுவதையும் பதிவேட்டில் ஏற்றி இரவில் ஊர்விட்டு நகரக்கூடாதென்று விதித்த சர்க்கார், மதுரைப் பக்கத்தில் அதே மக்களின் பிள்ளைகளுக்குக் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளையும் மாணவர் விடுதிகளையும் ஏற்படுத்திற்று. சட்டம் 1947-இல் இந்த ராஜதானியிலிருந்து நீங்கிற்று; பள்ளிகள் இருந்துவிட்டன. அங்கே படித்துப் பெரிய உத்தியோகங்களுக்கு வந்தவர்களும் பலர். அது தனியே எழுதவேண்டிய சரித்திரம்.

சிறை சென்றவர்களின் பிள்ளைகளுக்கென்றே, வெட்கமோ காவலோ இல்லாமல், ஒரு பள்ளிக்கூடம் நடந்ததைப் பார்க்கவேண்டுமானால் நாம் கடல் கடந்து போகவேண்டும். அங்கேயும் நம்மவர்தாம். வட ஆர்க்காடு, செங்கற்பட்டு ஜில்லாக்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கப்பலேறியவர்கள் ஏராளம். டிரான்ஸ்வாலில் காந்தி நடத்திய சத்தியாக்கிரகத்தில் 1908 முதல் கூட்டங் கூட்டமாகச் சிறை புகுந்தவர்களிலும் தமிழர் மிகுதி. சிறை சென்றவரின் குடும்பத்துக்கு முதலில் மாதாமாதம் பணமாகவே கொடுத்து வந்தார்கள். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கும் தனியாளுக்கும் ஒரே தொகை கொடுப்பது நியாயமாகாது. தேவையைக் கேட்டுக் கொடுத்தாலோ பொய் சொல்பவன் ஜெயிப்பான், உண்மை சொல்பவன் குறைவாக வாங்குவான். பணமும் கரைந்துகொண்டிருந்தது. உபகாரச் சம்பளம் கொடுக்கும் எந்த ஸ்தாபனமும் இன்றுவரை தீர்க்காத சங்கடம் இது. காந்தி இதற்குக் கண்ட மார்க்கம், எல்லாக் குடும்பங்களையும் ஒரே இடத்தில் குடியேற்றி, ஒரே அடுப்பில் சமைத்து, எல்லாரும் உழைத்துண்பது. அவருடைய நண்பரும் கட்டடக் கலைஞருமான ஹெர்மன் காலன்பாக், ஜோஹான்னஸ்பர்க்கிலிருந்து இருபத்தொரு மைலில், லாலி என்ற ரயில் நிலையத்துக்கு அருகே 1,100 ஏக்கர் நிலம் வாங்கி, 1910 மே 30-இல் வாடகையில்லாமல் அதை விட்டுக் கொடுத்தார். டால்ஸ்டாய்ப் பண்ணை என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். இந்தியாவிலிருந்து ரத்தன் டாட்டா அனுப்பிய இருபத்தையாயிரம் ரூபாய் முதலான நன்கொடைகள் அப்போராட்டத்துக்குக் கைகொடுத்து வந்தன.

அந்தப் பண்ணையில் இருபது முப்பது குழந்தைகள் இருந்தார்கள். ஹிந்துக்கள், முஸ்லிம்கள், பார்ஸிகள், கிறிஸ்தவர்கள் என்று பல மதத்தார், தமிழும் தெலுங்கும் குஜராத்தியும் ஹிந்தியும் பேசுகிறவர்கள். காலையில் எல்லாரும் தோட்ட வேலை; மத்தியானத்துக்கு மேல் பள்ளிக்கூடம். வாத்தியார் காந்தியும் காலன்பாக்கும். காலன்பாக் ஒரு கிறிஸ்தவத் துறவியர் மடத்திலே செருப்புத் தைக்கக் கற்றுவந்து காந்திக்குக் கற்பிக்க, காந்தி பிள்ளைகளுக்குக் கற்பித்தார். தமிழ்ப் பாடமும் காந்தியின் பொறுப்பே. போப்பையரின் கைப்புத்தகத்தைக் கப்பலிலும் சிறையிலும் வைத்துக்கொண்டு கற்ற தமிழ்தான் அவருடைய மூலதனம். தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்த அத்தமிழ்க் குழந்தைகளுக்கு எழுத்துத் தெரியாதாகையால் அரிச்சுவடியும் இலக்கணத்தின் முதற் பாடங்களும் சொல்லிக்கொடுக்க அந்த மூலதனம் போதுமாயிருந்தது. பேச்சில் மட்டும் பிள்ளைகள் குருவை மிஞ்சினார்கள். இங்கிலீஷ் தெரியாத தமிழர் யாராவது பண்ணைக்கு வந்தால் துவிபாஷி வேலை பார்த்தவர்கள் அந்த மாணவர்களே. இதைக் காந்தி ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். செங்கற்பட்டுப் பள்ளியிலும் கைத்தொழில் உண்டு, இங்கேயும் கைத்தொழில் உண்டு. அங்கே எழுதப் படிக்கவும் கற்பித்தார்கள், இங்கேயும் கற்பித்தார்கள். பாட அட்டவணையை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய பேதம் தெரியாது. ஆனால் டால்ஸ்டாய்ப் பண்ணைப் பிள்ளையிடம் ‘உன் அப்பா எங்கே?’ என்று கேட்டால் அது நிமிர்ந்து பதில் சொல்லும். பதினான்கு முறைக்குக் குறையாமல் சிறை சென்றவர் என்று அங்கே பேர் வாங்கிய தம்பி நாயுடு, 1914-இல் காந்தி அந்நாட்டை விட்டுப் புறப்படும் சமயத்தில் தம் நான்கு புதல்வர்களையும் அவர் கையிலே ஒப்படைத்தார். அப்பிள்ளைகள் இந்தியாவுக்கு வந்து படித்தார்கள்.

அதே காலத்தில் இங்கே இருந்த நிலை வேறு. 1908 ஜூலை 7-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளைக்குத் திருநெல்வேலியில் இரட்டைத் தீவாந்தரத் தண்டனை விதிக்கப்பட்டதைக் கேட்ட அவருடைய தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார். அக்கலக்கம் பிறகு தெளியவேயில்லை. தண்டனை குறைக்கப்பட்டுச் சிதம்பரம் பிள்ளை 1912 டிசம்பரில் வெளிவந்தபோது வக்கீல் சன்னதும் இல்லை, கப்பல் கம்பெனியும் இல்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று திரட்டிய பணம் காந்தியின் மூலமாக, பல கடிதப் போக்குவரத்துக்குப் பின், 347 ரூபாய் 12 அணாவாக 1916-இல் வந்து சேர்ந்தது. சன்னதைத் திரும்பப் பெற உதவிய நீதிபதி வாலஸ் என்னும் வெள்ளையருக்கு நன்றியாகத் தம் மகனொருவனுக்கு வாலேஸ்வரன் என்று அவர் பெயரிட்டார். உபகாரத்தை வாங்கினவர் தலைகுனியாமல் அதை நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்பதற்கு இதைவிட அழகான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சுதந்திரம் வந்தபின் காட்சி மாறிற்று. வேலூர், திருச்சி, கண்ணனூர், பெல்லாரிக்கு அருகிலுள்ள அலிப்புரம் ஆகிய சிறைகளில் இருந்துவந்தவர்களைச் சர்க்கார் பாஷையில் ‘அரசியல் துன்பமுற்றோர்’ என்றும், ஊர்ப் பாஷையில் ‘தியாகி’ என்றும் அழைக்கலாயினர். அவர்களுக்கு நிலம் கிடைத்தது; பிள்ளைகளுக்குச் சம்பளச் சலுகை கிடைத்தது; சுதந்திரத்தின் வெள்ளி விழாவான 1972 ஆகஸ்டு 15 முதல் மத்திய சர்க்காரின் பென்ஷனும் தாமிரப் பட்டயமும் கிடைத்தன. இவற்றைப் பெற வேண்டிய யோக்கியதை, சாதாரணமாக ஆறு மாதமாவது சிறையிலிருந்திருப்பது. ஆகவே எல்லாரும் சிறைச் சான்றுக்கு அலைந்தார்கள். பழைய ஜெயில் பதிவேடுகளைத் தூசி தட்டி, கைதி எண்ணையும் புகுந்த தேதியையும் விடுதலையான தேதியையும் சூப்பரின்டென்டென்ட் எழுதிக் கையெழுத்திட்ட காகிதம் அது. பதிவேடு செல்லரித்துப்போன இடங்களில், உடன் சிறையிருந்தவர் எழுதித் தரும் சான்றும் ஏற்கப்பட்டது. தேவைக்கு மேல் ஆதாரம் கேட்டு முதியவர்களை அலைக்கழிக்கலாகாதென்றும், இந்தப் பென்ஷனின் நோக்கம் அவர்களைக் கௌரவிப்பது என்றும் சுப்ரீம் கோர்ட்டு 1993-இல் முகுந்த்லால் பண்டாரி வழக்கில் சொல்ல நேர்ந்தது. சிறைச் சான்றுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் காந்தி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த வீடுகள் காஞ்சிபுரம் பக்கத்தில் இருந்தன. ஒன்றிரண்டை நானே கண்டிருக்கிறேன்.

இந்த இடத்தில்தான் என் மனம் தடுக்குகிறது. இன்றைக்கு அந்த ஜெராக்ஸ் கடைப் பெண்மணி வாங்கிவர வேண்டிய காகிதமும் அதேதான்: அதே மாதிரி அலுவலகம், கைதி எண், புகுந்த தேதி, சூப்பரின்டென்டென்ட் கையெழுத்து. அது சுவரில் ஏறாது. பீரோவின் அடித்தட்டில், புடவைக்குக் கீழே கிடக்கும். தகப்பன் செய்த காரியத்தின் தராதரத்தை அளந்து பிள்ளைக்குக் கல்வி கொடுப்பது என்ற பழக்கம் 1799-லிருந்து நம்மைத் தொடர்ந்து வருகிறது. ராஜாவின் பிள்ளை என்றால் வராகன். தியாகியின் பிள்ளை என்றால் சலுகை. வெறும் கைதியின் பிள்ளை என்றால் முன்னெச்சரிக்கை. 1960-களின் முற்பகுதியில் காமராஜர் ஆட்சி பள்ளிச் சம்பளத்தையே எல்லாருக்கும் எடுத்துவிட்டது இந்த விஷயத்தில் எவ்வளவு பெரிய உபகாரம் என்பதை யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. சம்பளமே இல்லாத பள்ளியில் ‘உன் அப்பா யார்?’ என்று கேட்டு அரைச் சம்பளம் போடும் குமாஸ்தாவுக்கு வேலையில்லை.

சட்டம் பிற்காலத்தில் சில நல்ல காரியங்களைச் செய்திருக்கிறது. 2006-இல் ஆர். டி. உபாத்யாய் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, தாயோடு சிறையில் இருக்கும் குழந்தையை ஆறு வயது வரை அங்கே வைத்துக்கொள்ளலாம், அதற்குக் குழந்தைக் காப்பகமும் பாலர் வகுப்பும் வேண்டும் என்றது. சிறையில் பிறந்த குழந்தையின் பிறப்புப் பதிவில் பிறந்த இடம் சிறை என்று எழுதலாகாது, அந்த வட்டாரத்தின் விலாசத்தை மட்டும் எழுதவேண்டும் என்றும் சொல்லிற்று. அந்த வாக்கியத்தை எழுதிய நீதிபதிகளுக்கு விண்ணப்பப் படிவங்களின் கட்டங்களைப் பற்றி ஏதோ தெரிந்திருக்கிறது. கேரளத்தில் கைதிகளின் பிள்ளைகளுக்குச் சமூக நீதி இலாகா கல்வி உதவி தருகிறது; டெல்லியில் 2014-இல் இதற்கென்றே தனித் திட்டம் ஏற்பட்டது. கிரண் பேடி 1994-இல் மக்ஸேஸே பரிசு பெற்றபின் தொடங்கிய இந்தியா விஷன் பவுண்டேஷன், கைதிகளின் பிள்ளைகளைப் பள்ளிகளில் சேர்த்துப் படிக்க வைத்து வருகிறது. நாடு முழுமைக்கும் உள்ள ‘மிஷன் வாத்ஸல்யா’ திட்டத்தில், ஆதரவு தேவைப்படும் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் கொடுக்க இடமுண்டு. அதற்கு அடிப்படையான 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு, விதவையின் பிள்ளை, கைவிடப்பட்டவளின் பிள்ளை, உறவினரிடம் வளரும் அநாதை, தீராத நோயாளியின் பிள்ளை, விபத்தில் முடமானவரின் பிள்ளை என்று வரிசையாகச் சொல்கிறது. கைதியின் பிள்ளை என்ற சொல் அவ்வரிசையில் இல்லை. ‘இவை உள்ளடங்கும்’ என்றுதான் பிரிவு தொடங்குகிறதாகையால், மனம் உள்ள அதிகாரி சேர்த்துக்கொள்ளலாம். மனம் இல்லாத அதிகாரி வரிசையைக் காட்டலாம்.

இங்கே ஒரு ஆட்சேபம் எழும்; எழவேண்டும். வெட்டுண்டவன் வீட்டுப் பிள்ளை தெருவில் நிற்க, வெட்டினவன் பிள்ளைக்கு உபகாரமா? கைதிகளின் கூலியில் ஒரு பங்கைப் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒதுக்கவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 1998-இல் சொன்னது இந்த நியாயத்தை ஒட்டித்தான். அதில் எனக்கு முழுச் சம்மதம். அந்தப் பிள்ளைக்குக் கொடுப்பதற்கு இந்தப் பிள்ளையிடமிருந்து எடுக்கவேண்டும் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை. மேலும், ‘வெட்டினவன்’ என்ற சொல்லையும் நிதானமாகத்தான் வழங்கவேண்டும். 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர், அதாவது முக்கால் பங்குக்குச் சிறிது மேல், விசாரணைக் கைதிகள். அவர்கள் செய்தார்களா இல்லையா என்பது இன்னும் தீர்மானமாகவில்லை. வழக்கு முடிவதற்குள் பிள்ளை ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவதுக்குப் போய்விடும், அல்லது ஒன்பதாவதோடு நின்றுவிடும்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளும் இப்பொழுது உபகாரச் சம்பளம் கொடுக்கின்றன. பெரிய கம்பெனிகள் மூன்று வருஷ லாபத்தின் சராசரியில் நூற்றுக்கு இரண்டு பங்கைப் பொதுக் காரியங்களுக்குச் செலவிடவேண்டுமென்று 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம் விதித்திருக்கிறது. கல்வி அக்காரியங்களில் ஒன்று. கும்பெனியின் தண்டு இருந்த ஊருக்கு அது போன பின் தறியும் வயலுமே மிஞ்சின. இப்பொழுது மறுபடியும் வெளியூர்ப் பணம் வருகிறது. படிவங்களும் வருகின்றன. எல்லாப் படிவங்களிலும் அந்தக் கட்டம் இருக்கிறது.

அன்றைக்கு நான் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன். ‘கூலி’ என்று எழுதலாமா, ‘இல்லை’ என்று எழுதலாமா, வெறுமனே விட்டுவிட்டால் நிராகரிப்பார்களா என்றெல்லாம் எனக்குள் ஓடிற்று. “உள்ள போறதுக்கு முன்ன என்ன பண்ணிட்டிருந்தாரு?” என்று கேட்டேன். “பெயின்ட் வேலைங்க சார். இப்ப அங்க தறி போட்டுக் குடுத்திருக்காங்க. துணி நெய்யறாரு. அதுல வர்ற கூலிதான் பாப்பாக்கு நோட்டு வாங்க அனுப்பிச்சாரு” என்றார். பிறகு அவரே என் கையிலிருந்து பேனாவை வாங்கி, கட்டத்துக்குள் அடங்குமாறு, ஒவ்வோர் எழுத்தாக, ‘நெசவு’ என்று எழுதினார்.